சாறு எடுத்த சக்கை

17 டிசம்பர் 2012, திங்கள்

இவர் மருந்துக் கம்பெனியில் வருஷாவருஷம் டாக்டர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய டைரிகள் ஏழெட்டு பரணில் வெறுமனே கிடக்கின்றன. 2009ஆம் வருஷத்து டைரி ஒன்றை இறக்கி, அச்சடித்த தேதியை அடித்துவிட்டு என் தேதியைப் போட்டு எழுதுகிறேன். கிழமை ஒத்துவராது. பாளையங்கோட்டையில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

நொச்சி இலைப் பொடியை இன்று ஆல்கஹாலில் ஊறப்போட்டாயிற்று. பச்சையாக எட்டுக் கிலோ வந்தது, நிழலில் காய்ந்து இரண்டரைக் கிலோவாக நின்றது. கை, சேலை, தலைமுடி எல்லாம் நொச்சி வாடை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், "மூட்டு வலியா தாயி?" என்று கேட்டாள். "இல்லம்மா, பிஹெச்.டி" என்றேன். அந்த அம்மாள் பாவம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நொச்சி இலை வலியைக் குறைக்கிறதா, தூக்கத்தைக் கூட்டுகிறதா என்று வெள்ளைச் சுண்டெலிகளில் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மார்ச் முடிவதற்குள் தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். இது மூன்றாவது நீட்டிப்பு. நான்காவது கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து எழுத்தில் வந்துவிட்டது.

தலைப்பு என்னுடையது இல்லை. 1990இல் இதே கல்லூரியில், இதே விலங்குக் கூடத்தில் இவர் தொடங்கியது. நாங்கள் கல்யாணம் செய்துகொண்டது 1991 பிப்ரவரி. ஏப்ரலில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இவருடைய அக்கா ஆவுடை மைனி இருபத்திரண்டு வருஷமாக எந்த விசேஷ வீட்டிலும் இதைச் சொல்லாமல் பந்தியில் உட்கார்ந்தது கிடையாது. "டாக்டர் பட்டம் வாங்க வேண்டிய பய. கல்யாணம் ஆச்சு, போச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். இவர் இறந்த பதினாறாம் நாளன்றும் சொன்னார்.

அந்தப் பட்டத்தை முடித்து மைனி மடியில் வைத்துவிட வேண்டும். இந்தப் பழி எனக்குப் போதும்.

19 டிசம்பர், புதன்

ஹாட் பிளேட்டைத் தூசி தட்டினேன். எங்கள் காலத்துப் பெட்டி அப்படியே இருக்கிறது, வெப்பமானியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

ஐம்பத்தைந்து டிகிரியில் எலியைத் தட்டின் மேல் விட வேண்டும். எத்தனையாவது விநாடியில் பாதத்தை நக்குகிறது என்று பார்க்க வேண்டும். வலி தெரியாத எலி நிதானமாக நக்கும். பதினைந்து விநாடியானால் நக்கினாலும் நக்காவிட்டாலும் எடுத்துவிட வேண்டும், சூடு பட்டுவிடும். 1990இல் இவர் எலியை விடுவார், அப்போது இங்கே மாணவியாக இருந்த நான் ஸ்டாப் வாட்சை அமுக்குவேன். "சரி" என்பார். அந்தச் "சரி"க்குக் கட்டைவிரல் தானாக இறங்கும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது "சரி". அப்போது அவர் எனக்கு வெறும் பிரமநாயகம்தான். எலிகளுக்கு அவருடைய சொந்தக்காரர்கள் பெயரை வைப்பார். சோம்பேறி எலி சங்கரன்கோவில் மாமா. கடிக்கிற எலி ஆவுடை அக்கா. எனக்கு அந்த அக்காவைக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும் என்று நான் சொன்னால் மைனி நம்புவாரா?

இப்போது நான் எலிகளுக்குப் பெயர் வைப்பதில்லை. வாலில் மஞ்சள் கோடு ஒன்று, இரண்டு, மூன்று.

24 டிசம்பர், திங்கள்

விலங்குக் கூடத்துக்குப் பொறுப்பு பேச்சிமுத்துதான். அன்றைக்கு ஒல்லியாக, தினக்கூலியாக இருந்தவர். இன்றைக்குத் தொந்தியும் கண்ணாடியுமாக நிரந்தர ஊழியர், பிப்ரவரி கடைசியில் ஓய்வு. காலை ஆறரைக்கே வந்து, கூண்டுகளில் உமி மாற்றி, தண்ணீர் வைத்து, நான் ஒன்பதரைக்கு வருவதற்குள் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். எலிகளோடு பேசுவார். என்னோடு பேசுவதைவிட அதிகம் பேசுவார்.

சாறு வடித்தாயிற்று. கரும்பச்சையாக, தார் மாதிரி கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாடை இவருடைய பழைய சட்டை வாடை. 1990இல் இவர் எப்போதும் இப்படித்தான் மணப்பார். பிறகு கம்பெனி வேலைக்கு டை கட்டிக்கொண்டு பவுடர் மணத்தோடு போக ஆரம்பித்தார். கடைசி மாதம் முதுகெலும்பில் வலி தாங்காமல் கிடந்தபோது, நொச்சி இலையை உருவித் தலையணை உறையில் அடைத்து வைத்தேன். "பழைய வாடை வருது உலகு" என்றார். தூங்கினார்.

சக்கையைச் சாக்கில் கட்டி ஸ்டோர் ரூம் மூலையில் வைத்தேன்.

28 டிசம்பர், வெள்ளி

முதல் கன்ட்ரோல் குழு. ஆறு எலி. இவற்றுக்கு நொச்சிச் சாறு கிடையாது, வெறும் கோந்துத் தண்ணீர். பிறகு எல்லாக் குழுக்களுக்கும் போடும் அதே தூக்க ஊசி. மல்லாக்கப் போட்டால் திரும்பத் தெரியாமல் தூங்கும். எத்தனை நிமிஷத்தில் தானாகத் திரும்பிக்கொள்கிறது என்பதுதான் கணக்கு. நாற்பது நிமிஷத்தை ஒட்டி விழித்துவிட வேண்டும்.

அறுபத்தாறு நிமிஷம் தூங்கின.

ஊசியின் அளவை மூன்று முறை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

1 ஜனவரி 2013, செவ்வாய்

விடுமுறை. காலை நாலு மணியிலிருந்து துணிகளுக்கு இஸ்திரி போட்டேன். இவருடைய சட்டைகளுக்கும்தான். யாருக்காவது கொடுப்பதென்றால் கசங்கலாகவா கொடுப்பது?

3 ஜனவரி, வியாழன்

நொச்சி கொடுத்த குழு: எழுபது நிமிஷம்.

கன்ட்ரோல் அறுபத்தாறு, நொச்சி எழுபது. இந்த நாலு நிமிஷத்தைக் காட்டி யாரிடமும் பட்டம் கேட்க முடியாது.

8 ஜனவரி, செவ்வாய்

இரண்டாவது கன்ட்ரோல் குழு, புது எலிகள். அறுபத்து நாலு.

மதியம் ஜூனியர் பெண்கள் இரண்டு பேர் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய், சார் ஏன் பிஹெச்.டியை முடிக்கவில்லை என்று கேட்டார்கள். சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள், எட்டு வருஷம் கழித்து, திருச்செந்தூர்க் கடற்கரையில் வைத்து நானே கேட்டதையும் சொன்னேன். "எனக்காகவா விட்டீங்க அத்தான்?" என்றேன். சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "வேற எதுக்கு?" என்றார். அந்தப் பெண்களுக்குக் கண் கலங்கிவிட்டது. போன வருஷத்து ஜூனியர்களுக்கும் இதே இடத்தில்தான் கலங்கியது.

அவர்கள் டிபன் பாக்ஸை மூடும்போது பார்த்தால் என் சாதம் அப்படியே இருந்தது.

10 ஜனவரி, வியாழன்

என் கைடு ஐசக் சார் எண்களைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இலையில ஒண்ணும் இல்லையோ என்னமோ" என்றார்.

இருக்கலாம். இல்லாத ஒன்றுக்காக ஒரு மனிதன் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்து, அதையும் எனக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்றால் அது பெரிய கொடுமை. எலிகள் மேலேயே கோபம் வந்தது. எழுந்திருங்களேன், சனியன்களா!

18 ஜனவரி, வெள்ளி

பொங்கலுக்குப் பேச்சிமுத்து வாரம் முழுக்க லீவு. முக்கூடலில் மகள் வீடு. வாட்ச்மேன்தான் தீனி போட்டார். கூண்டெல்லாம் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்றாவது கன்ட்ரோல் குழுவைச் செய்தேன்.

நாற்பத்தொன்று!

ஆறு எலியும் டாண் டாண் என்று எழுந்துகொண்டன. அதே ஊசி, அதே அளவு, அதே தராசு, அதே நான். என்ன மாறியது?

நாறுகிற கூண்டில் எலி சீக்கிரம் விழிக்குமா? அப்படியானால் சுத்தமான கூண்டில் ஏன் இவ்வளவு தூக்கம்?

22 ஜனவரி, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்று பேச்சிமுத்து திரும்பி வந்துவிட்டார். கூண்டை எப்படிச் சுத்தம் செய்கிறார் என்று பார்க்க இன்று காலை ஆறே முக்காலுக்கே நான் கல்லூரிக்குப் போனேன். விலங்குக் கூடத்தின் மேல் ஜன்னலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தீ என்று நினைத்து ஓடினேன். கதவைத் தள்ளினால், பேச்சிமுத்து ஒரு தகரத் தட்டில் சிரட்டைக் கரியைப் போட்டு, அதில் கை நிறைய எதையோ தூவி, கூண்டு கூண்டாகக் காட்டிக்கொண்டு போகிறார், சாம்பிராணி போடுகிற மாதிரி.

"என்ன பேச்சிமுத்து இது?"

"கொசு மேடம். பின்னால சாக்கடை இருக்குல்லா, உமிய மாத்துனா போதும், அம்புட்டுக் கொசுவும் உள்ள வந்துருது. பாவம், வாயில்லா சீவன். காதெல்லாம் கடிச்சி வச்சிருக்கு பாருங்க."

"தட்டுல என்ன?"

"நம்ம சக்கைதான்."

நாள் முழுக்க நொச்சியிலேயே புழங்குகிறவளுக்கு அந்த அறையில் நொச்சி வாடை எப்படித் தெரியும்? என் மூக்கே நொச்சியாகிவிட்டதே.

"நொச்சியையா எரிக்கிறீங்க? எத்தனை நாளா?"

"நொச்சி இல்ல மேடம், சக்கை. சாறு எடுத்த சக்கைல என்ன இருக்கு? சத்தெல்லாம் ஒங்க கிண்ணத்துக்குப் போயாச்சு. நீங்க சாக்குல கட்டி வச்ச மறுநாள்லேருந்து போடுதேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, தட்டைக் கீழே வைத்தார். "இலைய எரிக்கப்படாதுன்னு சார் அன்னைக்கே சொல்லிட்டாவ. அதுக்குப் பெறவு சத்தியமா ஒரு எலைய நான் தொட்டதில்ல. சக்கைய அவுக சொல்லலியே மேடம்."

"எந்த சார்?"

"நம்ம சார்தான். பிரமநாயகம் சார்."

கூடத்துப் படியில் உட்கார்ந்தேன். அவரும் இரண்டு படி தள்ளி உட்கார்ந்து சொன்னார். 1991 மார்ச். அப்போதும் கொசு. இவர் காயப்போட்டிருந்த இலையிலிருந்து தினமும் ஒரு கை எடுத்துப் பேச்சிமுத்து புகை போட்டிருக்கிறார். ஒரு நாள் விடியற்காலையில் இவர் வந்து பார்த்துவிட்டார்.

"திட்டவே இல்ல மேடம். இதே படியில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாவ. பெறவு அவுகளே சாம்பலைக் கூட்டி அள்ளுனாவ. என்னைய கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுத்தாவ. யார்ட்டயும் மூச்சு விடாதீரும், தெரிஞ்சா பிரின்சிபால் அன்னைக்கே ஒம்ம வெளிய அனுப்பிருவாருன்னாவ. எனக்கு அப்ப மூத்தவ பொறந்து இருபது நாளு. அடுத்த மாசம் சார் வரல. கேட்டேன். கல்யாணம் ஆயிட்டுல்லா, இனிமே குடும்பத்தப் பாக்கணும்னாவ. சிரிச்சிட்டே சொன்னாவ."

"அவங்க ஆராய்ச்சி இதனாலதான் நின்னுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பேச்சிமுத்துவுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் தெரியாது. நான் கேட்ட பிறகுதான் தெரிந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய ஆள் அழுததைப் பார்க்க முடியவில்லை. நான் எழுந்து உள்ளே போய் எலிகளைப் பார்த்தேன். காது நுனிகளில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

23 ஜனவரி, புதன்

கோபம். வேறெதையும் எழுதத் தோன்றவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஊருக்குச் சொல்ல வேண்டாம், எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் என்ன தம்பட்டம் அடிக்கிறவளா? ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் மைனி வாய் திறக்கும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு இலையில் உப்பைத் தொட்டுக்கொண்டிருந்தேனே, பக்கத்து இலையில் உட்கார்ந்து இவர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தாரே! கேட்ட அன்றைக்கும் "வேற எதுக்கு?" என்றாரே. எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன் அன்றைக்கு.

24 ஜனவரி, வியாழன்

ஐசக் சாரிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு, இலையில விஷயம் இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொங்கல் வாரத்து ஆறு எலி உங்க கையில இருக்கும்மா. அதையே கன்ட்ரோல்னு போடுங்க. முந்தின பன்னிரண்டையும் எழுதாம விட்ருங்க. யாருக்குத் தெரியும்?" என்றார்.

பொங்கல் எலிகள் புகையில்லாத காற்றில் இருந்தவை. நொச்சிக் குழு புகையில் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் சாறு செய்த வேலை எது, புகை செய்த வேலை எது என்று யாரால் சொல்ல முடியும்? ஐசக் சாருக்கு இது தெரியாததில்லை. அவருக்கு என் மேல் இரக்கம்.

மறைத்தால் மார்ச்சில் பட்டத்துக்குப் போகலாம். சொன்னால் எல்லாக் குழுவும் வீண், புது எலிகளுக்குக் கல்லூரிக் கமிட்டியின் அனுமதி வேண்டும், நாளும் போதாமல் போகலாம். அதோடு பேச்சிமுத்துவுக்கு ஒரு மெமோ வந்தால், ஓய்வு பெறுகிற நேரத்தில் அவருடைய பென்ஷன் பேப்பர் அப்படியே நின்றுவிடும். இவர் அன்றைக்கு அந்தப் படியில் ஒரு மணி நேரம் என்ன யோசித்தார் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. பொய் எண்ணை எழுத மனசில்லை. உண்மையை எழுதினால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. விட்டுவிட்டார்.

எனக்கு விட மனசில்லை.

26 ஜனவரி, சனி

கொடியேற்றம். கேசரி கொடுத்தார்கள். பேச்சிமுத்து வரிசையில் நின்று என் பங்கையும் வாங்கி வந்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

29 ஜனவரி, செவ்வாய்

எலிகளுக்கு அனுமதி கொடுக்கும் கமிட்டியின் முன்னால் நின்றேன். ஐந்து பேர். எழுதிக் கொண்டுபோனதை வாசித்தேன். கூடத்தில் நொச்சிச் சக்கைப் புகை போடப்பட்டது, ஆகவே இதுவரை எடுத்த எந்த எண்ணும் செல்லாது, எல்லாவற்றையும் தீசிஸில் ஓர் இணைப்பாகச் சேர்க்கிறேன், இருபத்து நாலு புது எலிகள் வேண்டும்.

"யார் போட்டது?" என்று தலைவர் கேட்டார்.

"சக்கையைப் பூட்டி வைக்காதது நான். கூடத்தில் எதையும் எரிக்கக் கூடாது என்று செய்முறையில் எழுதாததும் நான். கண்டிப்பதென்றால் என்னைக் கண்டியுங்கள் சார்."

"கேட்டது அது இல்லையே."

"எனக்கு அவ்வளவுதான் சார் சொல்லத் தெரியும்."

ஓரத்தில் இருந்த கால்நடை டாக்டர், "புகை போட்டவர் கொசுவுக்குத்தானே போட்டார்? அந்தச் சாக்கடையை மூடச் சொல்லி நானே நாலு தடவை எழுதிட்டேன்" என்றார். மெமோ என் பெயருக்கு வரும். எலிகள் கிடைத்துவிட்டன.

7 பிப்ரவரி, வியாழன்

பேச்சிமுத்து வீட்டிலிருந்து ஒரு இரட்டைக் கட்டில் கொசுவலையைக் கொண்டுவந்து கூண்டு அலமாரி முழுவதையும் மூடிவிட்டார். "மகளுக்குச் சீதனமாக் குடுத்தது. பாவம், மருமவன் ஏ.சி. போட்டுட்டாரு" என்றார். எலிகள் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் நாங்கள் இருவரும் சிரித்தோம்.

இவர் இருந்தால் ஒன்றுக்கு என் பெயரை வைத்திருப்பார்.

19 பிப்ரவரி, செவ்வாய்

கன்ட்ரோல் முப்பத்தொன்பது. நொச்சி அறுபத்திரண்டு.

ஸ்டாப் வாட்சை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். இலையில் விஷயம் இருக்கிறது அத்தான்.

22 பிப்ரவரி, வெள்ளி

ஹாட் பிளேட். இதில்தான் இவருக்கு ஆசை அதிகம். வலி.

என் எலிகளில் வலிக்கு நொச்சி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு விநாடி, இரண்டரை விநாடி, அவ்வளவுதான். எண்ணை அப்படியே எழுதினேன். கடைசி மாதத்துத் தலையணையை நினைத்துக்கொண்டேன். தூங்கினார், வலி விட்டிருக்கிறது என்று நினைத்தேன். வலியோடுதான் தூங்கினாரோ என்னவோ. கேட்டிருந்தால், "நல்லாருக்கு உலகு" என்றுதான் சொல்லியிருப்பார். எலிகளைத் தவிர எனக்கு யாரும் உண்மை சொன்னதில்லை.

28 பிப்ரவரி, வியாழன்

பேச்சிமுத்து ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, அல்வா. பேசச் சொன்னார்கள். "நான் படிக்காதவன். தெரியாம ஒரு தப்பு செஞ்சேன், ரெண்டு பேரு தாங்கிட்டாவ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் புரியவில்லை. நான் கை தட்டினேன்.

28 மார்ச், வியாழன்

நாளை பெரிய வெள்ளி, அப்புறம் சனி, ஞாயிறு. ஆகவே இன்றுதான் கடைசி நாள். பதினொன்றரைக்கு ஐந்து பிரதியையும் பல்கலைக்கழகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். புகைக் கதை முழுவதும் இணைப்பில் இருக்கிறது, எண்களோடு. சமர்ப்பணப் பக்கத்தில் இவர் பெயர்.

இவர் ஏன் விட்டார் என்பதை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. அதை மைனியிடம் நேரில் சொல்லத் தீர்மானித்திருந்தேன். பேச்சிமுத்து ஓய்வு பெற்றாயிற்று, பென்ஷனும் வந்துவிட்டது, இனிமேல் யாருக்கும் நஷ்டமில்லை. இருபத்திரண்டு வருஷக் கணக்கை இன்றோடு தீர்த்துவிடலாம். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியம் வாக்கியமாகக் கோத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். "நான் காரணம் இல்லை மைனி" என்பதுதான் முதல் வாக்கியம்.

மைனி கதவைத் திறந்து, அவருக்கென்று நான் தனியாகக் கட்டிவைத்திருந்த ஆறாவது பிரதியை வாங்கி, புடவைத் தலைப்பால் அட்டையைத் துடைத்தார். தம்பி பெயர் இருக்கிற பக்கத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார். அப்புறம் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஏட்டி உலகு, நான் ஒன்ன ரொம்பப் பேசிப்போட்டேன். எல்லாம் எரிச்சல். எங்க வீட்டு அவுக எனக்காக ஒரு வெத்தலைய விட்டதில்ல. இவன் பாரு, ஒரு பட்டத்தையே விட்டான். எனக்குப் பொறுக்கல. அதான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுக்கோ, என்ன?"

மைனி காபி போட உள்ளே போனார். கோத்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் வாயில் இருந்தன. சொன்னால் பழி போய்விடும். பழியோடு திருச்செந்தூரும் போய்விடும், ஜூனியர் பெண்களின் கண்ணீரும் போய்விடும், ஒருத்திக்காக ஒருவன் தன் படிப்பை விட்டான் என்று இந்த ஊரில் இருக்கிற ஒரே கதையும் போய்விடும். நான் அந்தப் பழியை இத்தனை காலம் நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

மைனி டம்ளரை நீட்டிக்கொண்டே, "ஒனக்காகத்தானட்டி விட்டான்?" என்றார், இந்த முறை ஆசையாக.

"வேற எதுக்கு மைனி?" என்றேன்.